கூட்டுக் கண்காட்சியும் தொகைநூலும்

ஒருவரே பாடிய நூலை மதிப்பிடும் அளவுகோல், பலர் பாடியவற்றைத் தொகுத்த நூலுக்குப் பொருந்தாது. குறுந்தொகையின் 401 பாடல்களைப் பாடியோர் 205 புலவர் என்பர். அவருள் சிலர்க்கு இயற்பெயரும் எஞ்சவில்லை. செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார் என அவரவர் ஆண்ட தொடரே பெயராய் நிலைத்தது. நாம் வாழும் இம்மராட்டிய மண்ணிலும் சாதவாகன மன்னன் ஆலன் பெயரால் வழங்கும் பிராகிருதத் தொகையொன்று உண்டு. ஓவியம் பயிலும் மாணவர் கூடி நடத்தும் கண்காட்சிகளை எண்ணும்போதெல்லாம் இத்தொகைநூல்களே நம் நினைவுக்கு வருகின்றன. நம் இதழ்களின் மதிப்புரைகளோ, இளங்கலைஞர் பலர் பங்கேற்றனர், வண்ணங்கள் கண்ணைக் கவர்ந்தன என்ற அளவில் அமைந்துவிடுகின்றன. இது திறனாய்வு ஆகாது.

சாகணில் இருப்போர்க்கு அணித்தாக உள்ள எடுத்துக்காட்டு பம்பாயினது. 1947-இல் சூசா, ரசா, உசேன், ஆரா, காடே, பாக்ரே ஆகிய அறுவர் முற்போக்கு ஓவியர் குழுவை அமைத்தனர். 1949-இல் தம் முதற் கண்காட்சியை நடத்தினர். சூசா ஜே.ஜே. கலைப்பள்ளியிலிருந்து விலக்கப்பட்டவர். பள்ளியின் பழைய முறையோடு மாறுபட்டு எழுந்த கூட்டம் அது. ஆயின், அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, 1944-இல், சென்னையில் கே.சி.எஸ். பணிக்கரும் அவர்தம் மாணவர்களும் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கிவிட்டனர் என்பதைத் தமிழர் பலரும் மறந்தனர். பம்பாய்க் குழுவைப் பற்றி எழுதுவோர் அடையும் பெருமிதத்தில் ஒரு பங்கேனும் நமக்கு வேண்டாவா?

இரண்டிற்கும் உள்ள வேறுபாடு பெரிது. பம்பாயில் இளைஞர் பள்ளியை எதிர்த்து ஒன்றுகூடினர். சென்னையிலோ ஆசிரியரே மாணவரை அழைத்துத் தம்மருகே நிறுத்தினார். மெரினாக் கடற்கரையின் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவிபிரசாத் ராய் சௌதுரி 1929 முதல் 1957 வரை அக்கலைப்பள்ளியின் தலைவராக இருந்தார். அவரிடம் பயின்ற பணிக்கர் அவரையடுத்து அப்பொறுப்பை ஏற்று 1967 வரை வகித்தார். ஆசிரியரும் மாணவரும் ஒரே சுவரில் படம் மாட்டுவது மாணவர்க்குப் பெரும் பேறு. பெரும் இடரும் அதுவே. ஆலமரத்தின் கீழ் நிழல் உண்டு. மற்றொரு மரம் வளர்தல் அரிது.

1963 முதல் பணிக்கர் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில், எவராலும் படிக்கவியலாத எழுத்து வரிகளும் எண்களும் சாதகக் கட்டங்களை ஒத்த வடிவங்களும் நிறைந்தன. அக்காலத்துச் சென்னை ஓவியர் பலரும் கோட்டையே முதன்மையாகக் கொண்டமையால், எல்லாம் பணிக்கரின் எதிரொலியே எனக் கூறுவோர் உளர். இக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. ஆதிமூலத்தின் காந்தி ஓவியங்களை நோக்குக. அங்கே கறுப்பு மைக்கோடு ஒரு மனிதரின் முதுமையையும் உறுதியையும் தாங்கி நிற்கின்றது. பணிக்கரின் கோடு எம்மனிதரையும் குறிப்பதன்று. அவ்வாதிமூலமே நம் சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் படம் வரைந்து, ஓவியத்தைத் தமிழ் வாசகனின் கைக்குக் கொண்டுவந்தார். பாஸ்கரனின் பூனைகளையோ எவரும் வேறொருவருடையன என மயங்கார்.

இன்னும் ஒருவரைக் கூறவேண்டும். இராமானுசம், மைக்கோட்டினால் கனவுலகம் ஒன்றை நிறுவியவர். மாடமாளிகைகள், பறக்கும் விந்தை உயிர்கள், அவற்றின் நடுவே தொப்பியணிந்த ஓர் உருவம். இடைவெளியின்றி நெருங்கும் அவ்வுலகில் ஆசிரியரின் சாயல் சிறிதுமில்லை. கூட்டத்தோடு சேர்ந்தே தனித்து நின்றவர் அவர். 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் தோன்றிய சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் வாழ்ந்து, 1973-இல் இளமையிலேயே தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். கூட்டு வாழ்வு அவர்க்கு இடமளித்தது. ஆனால் அவரைக் காக்க இயலவில்லை. கலைஞர் குழுக்களைப் போற்றும் கட்டுரைகள் இவ்வுண்மையை ஒருவரியில் கடந்து செல்வது நமக்கு உடன்பாடன்று.

அக்கிராமத்திற்கான நிலம் வந்த வழியும் நோக்கத்தக்கது. ஓவியம் விற்காத நாளில் அவ்விளைஞர்கள் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றுப் பொருளீட்டினர். கைவினையைத் தாழ்வாகக் கருதும் ஓவியர் இன்றும் உளர். அவர்தம் கண்காட்சிக்கு வாடகை கொடுப்பவர் யாரென்று கேட்டால் விடை சுவையாக இருக்கும்.

கூட்டுக் கண்காட்சியைத் திறனாய்வோர் முதற்கண் நோக்க வேண்டியது படங்கள் மாட்டப்பெற்ற வரிசையே என்பது எம் கருத்து. அகநானூற்றில் ஒற்றைப்படை எண்கள் எல்லாம் பாலை, 2, 8 குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், 10 நெய்தல். ஒவ்வொரு பத்திலும் அவ்வொழுங்கு தொடர்கின்றது. தொகுத்தவனுக்கு ஒரு நோக்கம் இருந்தது. அந்நோக்கம் எப்பாடலின் தனிக்குரலையும் அடக்கவில்லை. கொச்சியில் 2014 முதல் பெருங்கண்காட்சியோடு இணைந்து மாணவர் கண்காட்சியும் நடைபெறுகின்றது. நாட்டின் பல கலைக்கல்லூரி மாணவர்க்கு அது வாயிலாயிற்று. ஆனால் நம்மூர்க் கல்லூரிக் காட்சிகள் பலவற்றில் அளவொத்த சட்டங்களை அளவொத்த இடைவெளியில் மாட்டி, ஆசிரியரின் படத்தை நடுவில் வைத்துவிடுகின்றனர். காண்போனும் நடுவிலிருப்பதைக் கண்டு, தேநீர் அருந்தி, வீடு திரும்புகின்றான். மூலையில், கதவுக்குப் பின்புறம் மாட்டிய படத்தின் கீழ் மாணவியின் பெயர்ச்சீட்டும் பாதி மறைந்திருக்கும்.