183 டிகிரியில் ஒரு மினுக்கம்

1994-இல் வந்த முதல் பிளேஸ்டேஷனுக்கான மாற்றுச் சிப்புகள் (modchips) பலவற்றுக்கு எட்டே கால்கள். அவற்றை மின்சுற்றுப் பலகையோடு சேர்ப்பது தலைமுடிபோல் மெல்லிய கம்பி. புதிதாகக் கற்பவர்களே, முதலில் கம்பி நுனியில் ஈயம் பூசிக்கொள்ளுங்கள். பலகைப் புள்ளியில் பிளக்ஸ் தடவுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து, சால்டரிங் அயர்னால் ஓரிரு வினாடி தொட்டு எடுத்தால் போதும். அதிகம் சுட்டால் செம்புப் புள்ளியே பெயர்ந்துவிடும்.

63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த ஈயம் 183 டிகிரி செல்சியஸில் உருகும். ஆறும்போது குழைவாக நிற்காமல் சட்டென இறுகும். அதுவரை கை அசையக் கூடாது. பிளக்ஸிலுள்ள ரோசினின் புகை மெல்ல எழுந்து விலக, பனித்துளிபோல் மினுங்கி நிற்கும் அந்த இணைப்பு! பார்த்ததும் அடுத்த புள்ளிக்குக் கை தானாகப் போகும்.