ஒரு பள்ளத்தாக்கின் தொலைக்காட்சி

ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் பெருமையை அதன் அலைகள் எட்டும் தூரத்தைக் கொண்டு அளப்பது நமக்குப் பழகிப்போன வழக்கம். அந்த அளவுகோலின்படி, நியூயார்க் மாநிலத்துக் கேட்ஸ்கில் மலைகளிடையே லேன்ஸ்வில் என்னும் சிற்றூரில் 1972 மார்ச் முதல் 1977 வரை இயங்கிய நிலையம் பொருட்படுத்தத் தக்கதன்று. அதன் வீச்சு ஒரு பள்ளத்தாக்கோடு முடிந்தது. ஆயினும், அதை நடத்திய 'வீடியோஃப்ரீக்ஸ்' குழுவினருள் ஒருவரான பாரி டீஸ்டேல் 1999-இல் வெளியிட்ட நூலையும், ஜென்னி ராஸ்கினும் ஜான் நீலனும் இயக்கிய 2015-ஆம் ஆண்டு ஆவணப்படத்தையும் அருகருகே வைத்து நோக்குகையில், அந்தச் சிறுமையிலேதான் அதன் பொருள் அடங்கியிருந்தது என்பதை உணர்கிறோம்.

கதையின் தொடக்கம் நகரத்தில். சோனி நிறுவனத்தின் 'போர்ட்டபேக்' என்னும் தோளில் சுமக்கும் காணொளிக் கருவி அப்போதுதான் இளைஞர் கைக்கு எட்டியிருந்தது. எடுத்த படத்தைக் கழுவ வேண்டியதில்லை. உடனே போட்டுப் பார்க்கலாம். 1969 வுட்ஸ்டாக் இசைவிழாவில் இக்கருவிகளோடு வந்து சந்தித்த டேவிட் கார்ட்டும் டீஸ்டேலும் குழுவைத் தொடங்கினர். சி.பி.எஸ். நிறுவனம் அவர்களைக் கொண்டு ஒரு நிகழ்ச்சி தயாரிக்க முயன்று, பார்த்தபின் வேண்டாமென ஒதுக்கிற்று. அதற்கென எடுத்தவற்றுள் ஒன்று, 1969 டிசம்பர் 4-இல் காவலரால் சுட்டுக்கொல்லப்பட்ட இளம் கறுப்பினத் தலைவர் ஃப்ரெட் ஹாம்ப்டனின் நேர்காணல். ஆவணப்படம் இந்தப் பகுதியில் நெடுநேரம் தங்கிவிடுகிறது. புகழ்பெற்ற முகங்கள் கிடைத்தபின் எந்த இயக்குநர்தான் எளிதில் விடுவார்!

நம்மைக் கவர்வது அதற்குப் பின் வரும் கதை. 1971-இல் குழுவினர் லேன்ஸ்வில்லில் பழைய விடுதி ஒன்றை வாடகைக்கு எடுத்துக் குடியேறினர். கலகக்காரர் ஆபி ஹாஃப்மன் தந்த பணத்தில் சிறு ஒளிபரப்புக் கருவி அமைந்தது. உரிமம் இல்லை, சட்டப்படி அது குற்றமே. நூலின் துணைத்தலைப்பு அதை அமெரிக்காவின் முதல் 'கடற்கொள்ளை' நிலையம் என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. இந்தப் பெருமிதத்தை நாம் முழுதும் ஏற்பதற்கில்லை. ஆனால், மலைகள் மறித்ததால் பிற நிலையங்களின் படம் சரிவர விழாத ஊர் அது என்பதையும் மறந்துவிடலாகாது.

வாரந்தோறும் என்று சொல்லத்தக்க அளவில், ஐந்தாண்டுகளில் 258 முறை ஒளிபரப்பினர். உள்ளூர்ச் செய்திகள், சிறுவர் நிகழ்ச்சி, ஊரார் தாமே நடித்த விளையாட்டுக் கதைகள். நடுவே தொலைபேசி எண்ணை அறிவிப்பர். பார்ப்பவர் கூப்பிட்டுப் பேசுவர், படம் தெளிவாக வருகிறதா என்பது உட்பட. நீண்ட தலைமுடியுடன் வந்திறங்கிய நகரத்து இளைஞரை மலைநாட்டுக் குடும்பங்கள் நம்பியது இப்படித்தான். இன்று படம்பிடிக்கப்பட்டவரை நாளை கடைத்தெருவில் பார்த்தாக வேண்டும். அந்தக் கூச்சமே அங்கு தணிக்கையாயிற்று. எந்தச் சட்டநூலும் அதைவிட நயமாக எழுதியிருக்க முடியாது என்பது நம் கருத்து.

நான்சி கேன் 1973-இல் எடுத்த 'ஹாரியட்' என்ற சிறுபடம் இதற்குச் சான்று. அவ்வூர் இல்லத்தரசி ஒருவர் தம் அன்றாட வேலைகளையே செய்து காட்டுகிறார். பிறகு, வீட்டைவிட்டு வண்டியேறிப் போய்விடுவதாகக் கற்பனையையும் நடிக்கிறார். எது வாழ்க்கை, எது நடிப்பு என்ற கோடு மங்கிவிடுகிறது. வெளியூர்க்காரர் எவரேனும் எடுத்திருந்தால் இரக்கமோ ஏளனமோ தலைதூக்கியிருக்கும். இங்கோ, தாம் என்ன செய்கிறோம் என்று அறிந்தே அப்பெண்மணி விளையாடுகிறார். எடுத்தவரும் அவருக்கு அண்டைவீட்டார் போன்றவரே.

ஊரைப் புரிந்துகொள்ள நூலே சிறந்த துணை. முகங்களைக் காண ஆவணப்படம். படத்தில் நாம் காணும் குறை, நிலையத்தை எடுத்தவர்களின் நினைவுகள் நிறைந்திருக்குமளவு பார்த்தவர்களின் குரல் நிறைந்திருக்கவில்லை என்பதே. அண்டையாரால் உயிர்பெற்ற நிலையத்தின் வரலாற்றில் அண்டையாருக்கு இன்னும் இடம் விட்டிருக்கலாம்.

நிலையம் மூடி ஐந்தாண்டுகள் சென்றபின், 1982-இல், குறைந்த ஆற்றல் தொலைக்காட்சி நிலையங்களுக்கென அமெரிக்க அரசு தனி உரிமமுறை வகுத்தது. லேன்ஸ்வில் நாடாக்கள் பின்னர் சிகாகோவின் காணொளிக் காப்பகத்தை அடைந்தன. இன்று 'ஹாரியட்'டைப் பார்க்கும் எவரும் மறுநாள் காலையில் அவரைக் கடைத்தெருவில் சந்திக்கப்போவதில்லை.