பத்திக்கு ஏது வேண்டும்

தமிழ்ப் பள்ளி மாணவர் எழுதும் கருத்து விளக்கக் கட்டுரைகளைத் திருத்துவோர் ஒரு குறையை அடிக்கடி காண்பர். தொடரில் பிழை இராது, பழமொழி இருக்கும், குறளும் இருக்கும். சொன்ன கருத்து எதனால் உண்மை என்பது மட்டும் இராது. ஒரே கருத்து சொல் மாறி மும்முறை வரும். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அதற்கெனப் பெருகிய மாதிரிக் கட்டுரை மனனமோ இன்னும் நீங்கியபாடில்லை.

கருத்துக்குச் சான்று காட்டி எழுதுதல் மேனாட்டார் முறை என்று கருதுவாரும் உளர். அவர்கள் மணிமேகலையின் 29-ஆம் காதையை நோக்குவாராக. அங்கே அறவண அடிகள் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என உறுப்பு ஐந்து கூறுகின்றார். இம்மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம். புகை உண்மையால் என்பது ஏது. அடுக்களை போல என்பது திட்டாந்தம். மலையைக் காணாத பிள்ளையும் அடுக்களையை அறியும். அறிந்ததைக் கொண்டு அறியாததை நிறுவுதலே இதன் நுட்பம்.

இனி நம் மாணவரின் பத்தியைக் காண்போம். "காலந்தவறாமை நன்று, ஏனெனில் அது நன்மை தரும், காலம் பொன் போன்றது." இதில் பக்கம் உண்டு. ஏதுவோ பக்கத்தையே திருப்பிச் சொல்வது; எனவே ஏதுப் போலி. பழமொழி அணியாகுமேயன்றிச் சான்றாகாது.

கேரித் தீவுச் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைக்குச் சான்று கண்முன்னே உளது. வெட்டிய குலை 24 மணி நேரத்திற்குள் ஆலையைச் சேர வேண்டும். பிந்தினால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் தாழும். "காலங்கடந்தால் பொருளின் பயன் குன்றுகிறது" என்னும் ஏதுவுக்கு இது தக்க திட்டாந்தமாம். உபநயமும் நிகமனமும் திட்டாந்தத்துள் அடங்கும் என்பது அந்நூலின் துணிபு. எனினும் இளையோர்க்கு உபநயத்தை விரித்துக் காட்டலே நன்று. "குலை போன்றே, அன்று படிக்காத பாடமும் பின்னர் மறந்து பயன் குன்றும்" என்று எழுதினாலன்றிச் சான்று தனித்து நின்றுவிடும்.

குறளை எடுத்தாளலாகாதோ எனின், ஆகும். ஆயின் ஏதுவின் இடத்தில் அதனை வைத்தல் பொருந்தாது. வள்ளுவர் வாக்குக்கே பரிமேலழகர் காரணங்காட்டி உரை வகுத்தார் அல்லரோ? காரணம் வினவுதல் பெரியோரை இகழ்தலாகாது.

பிள்ளைகட்கு இக்கலைச்சொற்கள் வேண்டுவதில்லை. "ஏன்?", "எங்கே கண்டாய்?", "அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என ஆசிரியர் மூன்று வினா எழுப்பினால் போதும். தேர்வுத் தாளில் மதிப்பெண் கூடுதல் இதன் சிறுபயனே. பிறர் உரைத்ததை ஆராயாது ஏற்கும் வழக்கம் அகலுதலே பெரும்பயன். அதனைத் தொடங்குதற்கு நான்கு வரிப் பத்தியினும் சிறந்த இடம் வேறில்லை.