ஆசிரியர் என்னும் முதல் வாசகர்

தமிழ் ஆசிரியர்களால் இலக்கிய விமர்சனத்துக்கு ஆதாயம் எதுவும் இல்லை என்ற பேச்சுக்கு மேடைகளில் இன்றும் கைதட்டல் கிடைக்கிறது. விமர்சகர் க.நா.சு. காலத்தில் அந்தக் கோபத்துக்கு நியாயம் இருந்தது. நவீன எழுத்துக்குக் கல்விக்கூடங்கள் கதவைச் சாத்தியிருந்த காலம் அது. இன்று அதையே ஒப்பிப்பது வெறும் சோம்பல். அச்சேறிய நூலுக்கு எழுதும் மதிப்புரையை மட்டுமே விமர்சனம் என்று கொள்வதால் வரும் பிழை இது. இன்னும் எழுத்தாளர் ஆகாத ஒருவரின் கையெழுத்துப் பிரதியைப் படித்து அவருக்குப் பதில் சொல்வதும் விமர்சனம்தான். அந்த வரலாற்றை எழுதப் புகுந்தால் ஆசிரியர்களைத் தவிர்க்க முடியாது.

நம் மரபு இதை அறிந்திருந்தது. தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன் அரங்கேறியது என்கிறது அதன் பாயிரம். சிறப்புப் பாயிரம் தரத் தக்கவர் யார் என்று சொல்லும் நன்னூல், ஆசிரியரை முதலில் வைத்து, உடன் கற்றவரையும் மாணாக்கரையும்கூடச் சேர்த்துக்கொள்கிறது. மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற உ.வே.சா. 1880இல் கும்பகோணம் கல்லூரிக்குப் போகும்வரை அந்த ஆசிரியர்–மாணாக்கர் சங்கிலி அறுபடவில்லை. பிறகு தேர்வு வந்தது, விடைத்தாள் வந்தது. பாயிரமோ சம்பிரதாயமான அணிந்துரையாகச் சுருங்கியது.

1959இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ சிற்றிதழைத் தொடங்கினார். அதே ஆண்டு இலங்கையின் ‘தினகரன்’ நாளிதழுக்கு ஆசிரியரான க. கைலாசபதி ஈழத்துப் புதிய எழுத்தாளர்களுக்கு இடம் கொடுத்தார். பின்னர் பல்கலைக்கழகத்தில் விமர்சனத்தைத் துறையாக நிலைநிறுத்தியவர்களில் ஒருவரானார். பெரிய பங்களிப்பு. ஆனால் ஒரு படைப்பு என்ன சொல்ல வேண்டும் என்பதை அவர் சார்ந்த மார்க்சிய முகாம் பலமுறை படிக்கும் முன்பே தீர்மானித்துவிட்டது. 1971இல் கோவையில் எழுந்த வானம்பாடி கவிதை இயக்கத்திலும் ஆசிரியர்கள் நிறைய இருந்தார்கள். அவர்களுடைய உரத்த குரலுக்கு மேடை பிடித்த அளவுக்கு அடுத்தவரின் பிரதி பிடிக்கவில்லை.

அவர்களிடையே வேறாக நின்றவர் கோவை ஞானி (1935–2020). பள்ளித் தமிழாசிரியர், மார்க்சியர். ஆனால் மார்க்சியத்தை மதிப்பெண் போடும் கருவியாக அவர் பிடிக்கவில்லை. அவருடைய ‘நிகழ்’ இதழில் ஜெயமோகனின் தொடக்கக் காலக் கதைகள் வந்தன. கருத்தில் எவ்வளவு விலகியவரையும் அவர் படித்தார், விவாதித்தார். நீரிழிவால் பார்வை போன பிறகும் பிறரை வாசிக்கச் சொல்லிக் கேட்டார், சொல்லச் சொல்ல எழுதுவித்தார். பெண்களுக்கெனச் சிறுகதைப் போட்டிகள் நடத்தித் தொகுப்புகள் வெளியிட்டார். விமர்சன வரலாற்றில் இந்த உழைப்பை ஒரு வரியில் கடந்துபோவது அநீதி.

அடுத்த பெரிய நகர்வு எழுத்தாளர் பெருமாள்முருகனுடையது. அரசுக் கல்லூரி ஆசிரியராக இருந்தபோது அவர் தொகுத்த ‘சாதியும் நானும்’ (2013) 32 பேரின் அனுபவக் கட்டுரைகள். பெரும்பாலோர் அவருடைய மாணவர்கள், அதுவரை எதையும் அச்சில் பார்க்காதவர்கள். கொட்டாங்குச்சியில் காப்பி ஊற்றிக் கொடுக்கும் வழக்கத்தை அந்த நூல் உள்ளிருந்து சொல்கிறது. அம்பையின் ஆங்கில மொழிபெயர்ப்பு அதையே தலைப்பாகக் கொண்டது. இதை எழுதும் மாணவரிடம் ஒற்றுப்பிழையை முதலில் சுட்டும் ஆசிரியருக்கு இரண்டாவது பக்கம் கிடைக்காது. “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்பவருக்கே அது கிடைக்கும். கல்வியாளர் ச. மாடசாமி தம் நூலுக்கு ‘என் சிவப்பு பால்பாயிண்ட் பேனா’ என்று பெயர் வைத்ததில் ஆசிரியர் சமூகம் முழுவதற்கும் பாடம் இருக்கிறது.

பிழை திருத்த வேண்டாம் என்பதல்ல என் வாதம். முதலில் வாசகராக இருங்கள், பிறகு திருத்துங்கள் என்பதே. எழுதியவர் எதைச் சொல்ல வந்தார், எந்த இடத்தில் தயங்கினார் என்று கண்டு சொல்வதற்குப் புலமையோடு பொறுமையும் வேண்டும். இன்று கல்லூரிகளில் பதவி உயர்வுக்கு எண்ணப்படுபவை ஆய்விதழ்க் கட்டுரைகளும் கருத்தரங்குச் சான்றிதழ்களும். மாணவரின் கதையைப் படித்து ஒரு மாலை முழுக்க அவரோடு பேசும் ஆசிரியரை நிர்வாகமும் கவனிப்பதில்லை, சிற்றிதழும் கவனிப்பதில்லை. நிர்வாகம் மாற நாளாகும். சிற்றிதழ்கள் அடுத்த இதழிலேயே மாறலாம்: புதிய எழுத்தாளரை அறிமுகம் செய்யும்போது அவரை முதலில் படித்த ஆசிரியர் யார் என்று கேட்டு எழுதுங்கள். நம் விமர்சன வரலாற்றில் விடுபட்ட பெயர்கள் அப்படித்தான் வந்து சேரும்.