இக்போ ஊர்ச் சங்கங்கள்: கொடையும் கட்டாயமும்

தென்கிழக்கு நைஜீரியாவைத் தாயகமாகக் கொண்ட இக்போ மக்கள் லாகோஸ், கானோ முதலிய நகரங்களுக்கும், பின்னர் லண்டன், ஹூஸ்டன் வரைக்கும் பிழைப்புத் தேடிப் பரவியபோது, அவர்களைச் சொந்த ஊரோடு பிணைத்து வைத்தது அரசன்று, ஊர்ச் சங்கமே. ஓர் ஊரைவிட்டு வெளியேறியவர்கள் தாம் வாழும் நகரந்தோறும் கிளை அமைத்து, சந்தா செலுத்தி, ஊர்ப்பணிக்கு நிதி திரட்டும் அமைப்பு அது. பியாஃப்ரா என்ற தனிநாட்டுக்காக நடந்த போர் 1970இல் முடிந்தபின், வங்கியிருப்பு எவ்வளவாயினும் 20 பவுண்டு மட்டுமே திரும்பக் கிடைத்த அம்மக்கள், பல ஊர்களில் இடிந்த பள்ளிகளை இச்சங்கங்களின் வழியே மீண்டும் எழுப்பினர். 1994இல் திறக்கப்பட்ட ஓவெரி விமான நிலையமும் பெருமளவு மக்கள் அளித்த நிதியால் உருவானதே.

எனினும் இவ்வாற்றல் ஊர்ப்பற்றிலிருந்து மட்டும் பிறப்பதன்று. எங்கே இறந்தாலும் பிறந்த மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட வேண்டும் என்பது இக்போ மரபு. கடல் கடந்து இறந்தவரின் உடல் ஊர் வந்து சேரும்போது, உமுன்னா எனப்படும் தந்தைவழிப் பங்காளிகள் அவர் வைத்துச்சென்ற சந்தா பாக்கியைக் கணக்கிட்டு, குடும்பத்தார் அதைத் தீர்த்த பின்னரே சடங்கில் கலந்துகொள்வது பல ஊர்களில் வழக்கம். கொடை என்று போற்றப்படுவதில் கணிசமான பகுதி, அடக்கம் தடைபடுமோ என்ற இந்த அச்சம் ஈட்டித் தருவது. ஆயினும் இதை வெறும் நெருக்குதல் என்று தள்ளிவிடவும் இயலாது. பொருளாளரும் ஒருநாள் அதே மண்ணில் அடங்க வேண்டியவர் என்பதால் கையாடலுக்கும் அது ஓரளவு தடையாகிறது.

பொதுப்பணிக்கு உதவும் இந்தப் பிடி தனிவாழ்விலும் நுழைகிறது. இக்போ எழுத்தாளர் சினுவா அச்செபே 1960இல் வெளியிட்ட 'நோ லாங்கர் அட் ஈஸ்' நாவலில், இங்கிலாந்துப் படிப்புக்கு 800 பவுண்டு கடன் தந்த சங்கம், நாயகனின் திருமணத்திலும் தலையிட முனைகிறது. கிறிஸ்துமஸுக்கு மட்டும் திறக்கப்படும் மாளிகைகள் ஊர்தோறும் எழுந்ததற்கும் ஊரார் பார்வைக்கு அஞ்சும் இம்மனநிலையே காரணம். ஆனால் இக்போ வளர்ச்சி எல்லாம் சங்கத்தின் வழியே வந்ததன்று: இக்போ தொழில்நகரான ந்னெவியின் தொழிற்கூடங்கள் சங்க நிதியால் வளர்ந்தவையல்ல. உதிரிபாக வணிகர்களின் முதலாலும், சில ஆண்டு உழைத்த பையனுக்கு முதலாளியே கடை வைக்க முதல் தரும் 'இக்பா போய்' என்னும் பயிற்சிமுறையாலும் வளர்ந்தவை.

பெண்களின் நிலை இன்னும் முரணானது. ஆண்டுதோறும் 'ஆகஸ்ட் கூட்டம்' என்ற பெயரில் கணவனின் ஊருக்குத் திரும்பி, சுகாதார நிலையத்துக்கும் சந்தைக்கும் நிதி திரட்டும் இவர்கள், பிறந்த வீட்டு நிலத்தில் உரிமையற்றவர்களாகவே நடத்தப்பட்டு வந்தனர். மகள்களுக்குச் சொத்துரிமை மறுப்பது அரசமைப்புக்கு முரண் என்று நைஜீரிய உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தபின்னும் வழக்கம் எளிதில் மாறவில்லை.

அமெரிக்காவிலேயே பிறந்து, அங்கேயே அடக்கமாகவிருக்கும் தலைமுறையிடம் பாக்கிக் கணக்கு பலிக்காது. அவர்களிடம் நிதி கேட்க, சங்கங்கள் வரவுசெலவைத்தான் முதலில் காட்ட வேண்டியிருக்கும்.