செவன் வகை கிட் காரில் சியராவின் ஸ்டீயரிங் தண்டு: ஆட்டமும் சீரமைப்பும்

பிரிட்டனில் வீட்டுக் கொட்டகைகளில் கட்டப்படும் செவன் வகை கிட் கார்களில், ஃபோர்டு சியராவிலிருந்து கழற்றிய ஸ்டீயரிங் தண்டைப் பரவலாகப் பார்க்கலாம். 1957இல் காலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் வெளியிட்ட செவன்தான் இந்த வகைக்கு மூலம். முழுக் காராக வாங்கினால் வரி, பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டினால் வரியில்லை என்றிருந்த அன்றைய பிரிட்டிஷ் நடைமுறை இத்தகைய கார்களை வளர்த்தது. 1973இல் அந்த வரி நீங்கி மதிப்புக்கூட்டு வரி வந்தது. அதே ஆண்டில் செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாமுக்குக் கைமாறியது. பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றைப் பிரித்து 250 பவுண்டில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று ரான் சாம்பியன் 1996இல் எழுதிய நூல் இந்த ஆர்வத்தைச் சாமானியர்களிடமும் கொண்டுசேர்த்தது. எஸ்கார்ட் அரிதானபோது பலர் சியராவுக்கு மாறினார்கள்.

அந்த மாற்றத்தால் ஸ்டீயரிங் விஷயத்தில் நன்மையே விளைந்தது. சியராவின் தண்டு, விபத்தில் ஓட்டுநரின் மார்பை நோக்கிப் பாயாமல் தனக்குள் சுருங்கும்படி தொழிற்சாலையிலேயே வடிவமைக்கப்பட்டது. ஸ்டீயரிங் பூட்டும் அதிலேயே இருக்கிறது. 2009 முதல் பிரிட்டனில் நடப்பில் உள்ள தனி வாகன ஒப்புதல் சோதனையில் ஸ்டீயரிங் அமைப்பும் ஆராயப்படுவதால், இப்படிப்பட்ட தண்டோடு போவது பெரிய நிம்மதி. எடை குறைந்த இந்தக் கார்களுக்குப் பவர் ஸ்டீயரிங் தேவையில்லை. சாலையின் ஒவ்வொரு சிறு அதிர்வும் கைக்கு வந்து சேரும்; அந்தச் சுகத்துக்காகவே இவற்றை ஓட்டுகிறார்கள். ஆகவே தண்டில் சிறு ஆட்டம் இருந்தாலும் உடனே தெரிந்துவிடும்.

ஆட்டம் எங்கே என்று கண்டுபிடிக்காமல் எதையும் மாற்றக் கூடாது. காரைத் தரையில் நிறுத்தி, ஒருவர் ஸ்டீயரிங் சக்கரத்தை இடமும் வலமுமாக லேசாக அசைக்க, இன்னொருவர் மேலிருந்து கீழாக ஒவ்வொரு இணைப்பிலும் கைவைத்துப் பார்க்க வேண்டும். இணைப்பின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசைந்தால் குறை அங்கேதான். தண்டு வளையும் இடத்தில் உள்ள யூ-ஜாயிண்ட்டின் நடுவிலிருக்கும் கிராஸைச் சுற்றித் துருநிறத்தில் மெல்லிய தூள் படிந்திருந்தால், உள்ளே ஊசி பேரிங்கில் கிரீஸ் காய்ந்து உலோகம் உலோகத்தை அரைக்கிறது என்று பொருள். எக்ஸாஸ்ட் குழாயை ஒட்டித் தண்டு போகும் கார்களில் இது சீக்கிரமே வரும். சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழுமாகத் தூக்கும்போது தண்டே குழாய்க்குள் ஆடினால் தேய்ந்தது மேல் தாங்கி. முன்னும் பின்னுமாக நழுவினால் கிளாம்ப் இறுகவில்லை.

எவ்வளவு ஆட்டம் வரை பொறுக்கலாம் என்பதற்குப் பிரிட்டனின் வாகனத் தகுதிச் சோதனையான எம்ஓடி ஓர் அளவு வைத்திருக்கிறது. ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங்கில் 380 மி.மீ. விட்டமுள்ள சக்கரத்தின் விளிம்பில் 13 மி.மீ.; இடையில் இணைப்புகள் பல இருந்தால் 48 மி.மீ. வரை. கிட் கார்களில் சக்கரம் சிறியது. 300 மி.மீ. சக்கரத்தில் அந்த 13 மி.மீ. ஏறத்தாழ 10 மி.மீ. ஆகிறது. 48 மி.மீ. அனுமதியை நம்பி இவ்வளவு இலகுவான காரை ஓட்டுவது நல்லதல்ல.

தேய்மானம் எளிதில் தீரும். தாங்கியையும் யூ-ஜாயிண்ட்டையும் புதிதாக மாற்றினால் போதும். வீட்டில் கட்டிய கார்களில் மிகுதியாகத் தொல்லை தருவது கோணம். சியராவில் ஒரு வழியில் சென்ற தண்டு, செவனின் ஒடுக்கமான மூக்குக்குள் எஞ்சினைத் தவிர்த்து வளைந்து போக வேண்டியிருக்கிறது. வளைந்த நிலையில் சுழலும் ஒற்றை யூ-ஜாயிண்ட் சீரான வேகத்தைக் கடத்தாது. 20 பாகைக் கோணத்தில் வெளிவேகம் ஒரு சுற்றுக்குள்ளேயே 0.94 மடங்குக்கும் 1.06 மடங்குக்கும் இடையே ஏறி இறங்கும். 30 பாகையில் 0.87க்கும் 1.15க்கும் இடையே. ஓட்டுநரின் கையில் இது ஒரு சுற்றுக்கு இருமுறை கனத்து, இருமுறை இலேசாகும் ஸ்டீயரிங்காகத் தெரியும். ரேக் பழுது என்று நினைத்து நல்ல ரேக்கைக் கழற்றி எறிபவர்கள் உண்டு.

இதற்கு வழி, இரண்டு யூ-ஜாயிண்ட்டுகளை ஒன்றின் பிழையை மற்றொன்று அழிக்கும்படி பூட்டுவது. அதற்கு இரு கோணங்களும் சமமாக இருக்க வேண்டும். மூன்று ஷாஃப்டுகளும் ஒரே தளத்தில் அமைய வேண்டும். நடு ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள கவைகள் ஒரே திசையில் நிற்க வேண்டும். பழைய தண்டைக் கழற்றும் முன் ஸ்ப்லைன் (ஷாஃப்ட் முனையின் பல்வரி) மேல் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொள்வது நல்லது; ஆனால் கட்டியவரே தவறாகப் பூட்டியிருந்தால் கோடும் தவறையே காட்டும், கவைகளைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். மூன்றாவது யூ-ஜாயிண்ட் வந்தால் இடையில் தாங்கி கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் ஷாஃப்ட் கயிற்றைப் போலத் துவளும்.

பூட்டும்போது முதலில் எல்லா கிளாம்ப் போல்ட்டுகளையும் தளர்த்தி, சக்கரத்தைச் சில முறை சுழற்றித் தண்டு தன் இடத்தில் உட்கார விட வேண்டும். பிறகு மேல் பிடிப்பு, அதன் பின் கிளாம்ப்கள். கிளாம்ப் போல்ட், ஸ்ப்லைனில் வெட்டப்பட்ட பள்ளத்தின் குறுக்கே போக வேண்டும். அதைத் தவறவிட்டால் உராய்வு மட்டுமே ஷாஃப்டைப் பிடித்திருக்கும். போல்ட் குறைந்தது 8.8 தரம், நைலாக் நட் ஒவ்வொரு முறையும் புதிது, இறுக்கம் மூல காரின் கையேடு சொல்வது.

மையம் பார்ப்பது கடைசி வேலை. ஒரு பக்க எல்லையிலிருந்து மறு எல்லை வரை சுற்றுகளை எண்ணி, பாதியில் ரேக்கை நிறுத்தி, டை ராடுகளைச் சம அளவில் வைத்து முன் சக்கரங்களை நேராக்க வேண்டும். ஸ்டீயரிங் சக்கரத்தை ஸ்ப்லைனில் திருப்பி வைத்து நேராக்கினால், ரேக் மையம் தவறியே நின்று ஒரு பக்கம் குறைவாகத் திரும்பும். இண்டிகேட்டர் தானாக அணைவதும் கெடும்.

நீளம் பற்றாத ஷாஃப்டை வெட்டி ஒட்ட வெல்டிங் செய்வது இங்கே அனுமதிக்கக் கூடாத துணிச்சல். சுருங்கும் பகுதியின் மீது தாங்கியைப் பற்றவைப்பதும் அப்படியே; அந்தத் தண்டைத் தேர்ந்தெடுத்ததன் பயனே அதோடு போய்விடும். சரியான நீளத்தில் ஸ்ப்லைன் வெட்டிய ஷாஃப்டை வாங்கிப் போடலாம். சியரா தண்டு இந்த வகைக் காருக்குத் தகுதியான, நம்பத்தக்க தேர்வு. பூட்டிய பின் சில நாள் ஓட்டி, கிளாம்ப் போல்ட்டுகளை மறுபடி சோதித்துவிட்டே வேகம் எடுங்கள்.