திருத்துகிற கை: மாணவர் இதழ்களின் தொழில்நுட்பம் குறித்து

தமிழில் சிறுபத்திரிகை வரலாறு எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த இதழ் எந்த ஆண்டில் தொடங்கியது, யாரோடு யார் முரண்பட்டார், எந்தக் கோட்பாட்டை எவர் முதலில் இறக்குமதி செய்தார் என்பதோடு வரலாறு முடிந்துவிடும். அந்த இதழை எதில் எழுதினார்கள், எப்படிப் பெருக்கினார்கள், பிழையை யார் திருத்தினார்கள், காகிதக்கடைப் பாக்கி யார் தலையில் விழுந்தது என்பதெல்லாம் நினைவுக் குறிப்புகளில் வேடிக்கையாக வந்துபோகிற சங்கதிகள். மாணவர் இதழ்களுக்கு இந்த வரலாற்றிலும் இடம் கிடையாது. 'பயிற்சி' என்று ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. ஆனால் தயாரிப்பு முறை பிரதிக்குள் எவ்வளவு தூரம் புகுந்து வேலை செய்கிறது என்று பார்க்க மாணவர் இதழைவிட நல்ல இடம் இல்லை. அங்கே பணம் கிடையாது, பெயர் கிடையாது. கைக்குக் கிடைத்த கருவி எதை அனுமதிக்கிறதோ அதுதான் இதழ்.

1934இல் எழுதிய 'தயாரிப்பாளனாக எழுத்தாளன்' என்ற உரையில் வால்டர் பெஞ்சமின், ஒரு படைப்பு தன் காலத்து உற்பத்தி உறவுகளைப் பற்றி என்ன நிலைப்பாடு எடுக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், அந்த உறவுகளுக்குள் அது எங்கே நிற்கிறது என்று கேட்டார். பெஞ்சமினைக் குறிப்பிடாத தமிழ் விமர்சகன் குறைவு. அந்தக் கேள்வியைத் தான் எழுதும் இதழின்மேல் போட்டுப் பார்த்தவன் அதைவிடக் குறைவு.

கையெழுத்துப் பத்திரிகையிலிருந்து தொடங்கலாம். மு. கருணாநிதி திருவாரூரில் பள்ளி மாணவராக இருந்தபோது 'மாணவ நேசன்' என்ற கையெழுத்து ஏட்டை நடத்தினார்; 1942 ஆகஸ்டில் 'முரசொலி' அச்சிட்ட துண்டறிக்கையாக வந்தது. இதை ஒரு தலைவரின் இளமைக்காலச் சுறுசுறுப்பு என்று வாசிப்பதுதான் வழக்கம். எனக்கு அந்த இடைவெளிதான் முக்கியமாகப் படுகிறது. கையெழுத்து ஏடு கை மாறிப் போகும்; படித்தவன் யார் என்று தயாரித்தவனுக்குத் தெரியும். துண்டறிக்கை முகம் தெரியாதவனிடம் போகிறது. அரசியல் அங்கேதான் தொடங்குகிறது எனலாம்.

கையெழுத்து இதழில் ஆசிரியர் என்பவர் பெரும்பாலும் நல்ல கையெழுத்து உள்ளவர். மற்றவர்கள் எழுதியதை அவர்தான் ஒரே கையில் படியெடுக்கிறார். படியெடுக்கும்போது ஒற்றைப் போடுகிறார், பத்தி பிரிக்கிறார், பிடிக்காத வரியை மெல்ல விழுங்கிவிடுகிறார். சண்டை வரும், வந்தால் அவர் வீட்டுத் திண்ணைக்குப் போய் 'என் வரி எங்கலே?' என்று கேட்கலாம். இதழின் கடைசியில் வாசகர் கருத்துக்கென்று சில தாள்களை வெறுமையாக விடுவார்கள். 'வாசகரின் பங்கேற்பு' என்று நாம் பின்னாளில் பக்கம் பக்கமாகப் பேசிய விஷயம் அந்த வெற்றுத் தாளில் மசியோடு நடந்துகொண்டிருந்தது. இதைச் சொல்லி உருகவும் வேண்டாம். அந்த ஒற்றைப் பிரதி சில திண்ணைகளுக்கு மட்டும்தான் போனது. சில வீட்டுப் பெண்களுக்கு வந்ததே கிடையாது.

நாஞ்சில் நாட்டில் அச்சின் கதை பள்ளிக்கூடத்தின் கதையோடு பின்னிக் கிடக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மீட் நாகர்கோவிலில் செமினாரியையும் அச்சகத்தையும் ஏற்படுத்தினார். பிள்ளைகள் படிப்பதற்கு அச்சு வந்தது. பிள்ளைகள் எழுதுவதை அச்சிட அல்ல. இந்த வேறுபாடு கல்லூரி ஆண்டு மலர்கள்வரை நீண்டது. முதல்வரின் செய்தி, ஆண்டறிக்கை, குழுப்படம் எல்லாம் போன பிறகு மிச்சமிருக்கும் பக்கங்களில் மாணவர் கவிதை. மலரின் அமைப்பே நிறுவனத்தின் படிநிலை. அதில் கவிதை நன்றாக இருந்ததா என்று கேட்பது வேறு கேள்வி.

பிரான்ஸில் இதற்கு நேரெதிராக ஒருவர் செய்து பார்த்தார். முதல் உலகப்போரில் நுரையீரலில் காயம்பட்டு, வகுப்பில் நெடுநேரம் பேச முடியாமற் போன கிராமப் பள்ளி ஆசிரியர் செலஸ்தேன் ஃப்ரெய்னே, 1924இல் ஒரு சின்ன அச்சுப்பொறியை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாங்கள் எழுதியதைத் தாங்களே எழுத்துக் கோத்து அச்சிட்டு, வேறு ஊர்ப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். பாடப்புத்தகத்தின் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பது, ஈய எழுத்தைக் கையால் தொட்ட பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

நம்மூரில் மாணவன் அந்த எழுத்தைத் தொடவில்லை. தொட்டவர் கம்பாசிட்டர். தமிழுக்கு 247 எழுத்துக்கும் தனி அச்சு வேண்டாம் என்றாலும் உகர, ஊகார வரிசைகளில் ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு விதமாக வளைவதால் எழுத்துப் பெட்டியின் அறைகள் பெருகிப்போகும். பெரியார் 1935இல் கையாளத் தொடங்கி, தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தம் ணை, லை, றா, னா போன்றவற்றை ஒழுங்குபடுத்தியது. உகர வரிசையைத் தொடவில்லை. இத்தனை அறைகளுக்கு முன்னால் நின்று கோக்கிறவர்தான் மாணவ எழுத்தாளனின் முதல் அந்நிய வாசகர். அவர் கைக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பையன் 'அம்மை விளிச்சா' என்று எழுதிக் கொடுத்தால் 'அம்மா அழைத்தாள்' என்று வந்து நிற்கும். புரூப் பார்க்கும்போது சண்டை போட்டு மாற்றலாம். அதற்கு, தான் எழுதியது தப்பில்லை என்ற நம்பிக்கை பையனுக்கு வேண்டும். தமிழ் வகுப்பு அந்த நம்பிக்கையைக் கொடுத்ததா என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. 1964இல் ஹெப்ஸிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' பனையேறிகளின் பேச்சை அச்சுக்குக் கொண்டுவந்தது. மலையாள வழியில் படித்த தோப்பில் முஹம்மது மீரான் தேங்காய்ப்பட்டணத்து மொழியோடு நாவலுக்குள் வந்தார். ஆனால் நாவலாசிரியரின் பெயர் அட்டையில் இருக்கிறது. பத்தொன்பது வயதுப் பையனின் கதையைத் திருத்துவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

சைக்ளோஸ்டைல் வந்தபோது திருத்துகிற கை கொஞ்சம் பக்கத்தில் வந்தது. மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளைத் தட்டச்சுப் பொறியில் செருகி, ரிப்பனை விலக்கிவிட்டு அடிக்க வேண்டும். எழுத்து மெழுகை வெட்டும். வெட்டிய வழியே மை இறங்கும். ஓங்கி அடித்தால் வட்டமான எழுத்தின் உட்பக்கம் கழன்று விழுந்து அச்சில் கரும்புள்ளியாகிவிடும். தப்பு வந்தால் திரவத்தைப் பூசி, ஊதிக் காயவைத்து, அதே இடத்தில் திரும்ப அடிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா 1930களில் உருவாக்கிய தமிழ்த் தட்டச்சில், புள்ளிக்கு நகரா விசை. முதலில் புள்ளி, அப்புறம் எழுத்து. எழுதும் வரிசையும் அடிக்கும் வரிசையும் தலைகீழ். படம் வேண்டுமென்றால் எழுத்தாணி போன்ற முனையால் மெழுகில் நேரடியாகக் கீறலாம். இவ்வளவு பாடு இருப்பதால் ஒரு பக்கத்துக்கு என்ன போவது என்பதை அடிப்பதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டியிருந்தது. தேர்வு என்ற விமர்சனச் செயல் ஸ்டென்சிலின் விலையிலிருந்து வந்தது என்று சொன்னால் நம் அழகியல்வாதிகள் கோபித்துக்கொள்வார்கள். கோபிக்கட்டும்.

சைக்ளோஸ்டைலைப் பற்றி ஒரு கட்டுக்கதையும் நம்மிடையே உலவுகிறது. அது அச்சு அல்ல, ஆகவே சட்டத்துக்கு வெளியே இருந்தது என்று. 1867ஆம் ஆண்டின் பத்திரிகை, புத்தகப் பதிவுச் சட்டம் 'அச்சிடுதல்' என்பதற்குள் சைக்ளோஸ்டைலையும் கல்லச்சையும் தெளிவாகவே சேர்த்திருந்தது. (அந்தச் சட்டம் இப்போது இல்லை, 2023இல் இயற்றிய புதிய சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது.) சிறுபத்திரிகைகள் அட்டையில் போட்டுக்கொண்ட 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்ற வரிக்கு இந்தப் பின்னணியும் உண்டு. அரசின் கண்ணில் ஸ்டென்சிலும் அச்சும் ஒன்று. கையெழுத்துப் பிரதி மட்டும் அந்தச் சொல்லுக்குள் வரவில்லை.

டிடிபி காலத்தைப் பற்றி நாம் பேசியது குறைவு. இழந்ததோ அதிகம். 1990களிலிருந்து தமிழ்க் கணினி அச்சுக் கோப்பு என்பது நிறுவனத்துக்கு ஒரு எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம் என்று நடந்தது. ஆங்கில எழுத்தின் எண்ணில் தமிழ் வடிவத்தை ஒட்டவைத்த ஏற்பாடு. ஒருங்குறி 1991இல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு தரப்படுத்த முயன்றது. தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது 2010இல். இடைப்பட்ட காலத்தில் மாணவர்கள் மையங்களில் காத்துக்கிடந்து, ஆபரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, பேஜ்மேக்கரில் போட்டதெல்லாம் ஃபிளாப்பியிலும் குறுந்தகட்டிலும் போயிற்று. நான் எம்.ஏ. படித்தபோது சீனியர்கள் விட்டுப்போன ஒரு தகட்டைத் திறந்து பார்த்தோம். தகடு ஓடியது, கோப்பு திறந்தது. திரையில் இருந்தது ஆங்கில எழுத்துகளின் குப்பை. அந்த எழுத்துரு இல்லாமல் அது எந்த மொழியும் இல்லை. அலமாரியில் அதற்கு முந்தைய தலைமுறையின் மங்கிய சைக்ளோஸ்டைல் தாளை எழுத்துக்கூட்டியாவது படிக்க முடிந்தது. முன்னேற்றத்தை நேர்கோடாக நினைக்கிறவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

இப்போது கைபேசி. ஒரு மாணவர் இதழைத் தொடக்கம் முதல் பிடிஎஃப் வரை கைபேசியிலேயே முடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். இதை இளக்காரமாகப் பேசும் மூத்தவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அச்சகத்தில் இரவு பத்து மணிவரை காத்திருக்க முடிந்தவன் மட்டுமே ஆசிரியன் என்றிருந்த நிலை போனது சாதாரண விஷயமல்ல. ராத்திரி அச்சகத்துக்குப் போக வீட்டில் விடாத பெண் இன்று வீட்டிலிருந்தே பக்கம் அமைக்கிறாள். தாள் செலவு இல்லை என்பதால் வந்ததையெல்லாம் போட்டு நூற்றுச் சொச்சம் பக்கத்துக்கு ஒப்பேற்றுகிற வியாதியும் கூடவே வந்திருக்கிறது. அது தானாகச் சரியாகும்; யாரும் படிப்பதில்லை என்று தெரிந்ததும் பசங்க குறைத்துக்கொள்வார்கள்.

என் கவலை வேறு. கம்பாசிட்டரின் வேலையை இப்போது விசைப்பலகையின் பரிந்துரை செய்கிறது. பேச்சை எழுத்தாக்கும் செயலியிடம் விளவங்கோட்டுப் பிள்ளை 'விளிச்சா' என்று சொன்னால் 'விழித்தாள்' என்று எழுதிக் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். 'பனி' என்றால் அங்கே காய்ச்சல். எந்திரத்துக்கு அது மார்கழிப் பனி. அதிகம் பேர் எழுதியதைக் கொண்டே அடுத்த சொல்லை ஊகிக்கிற கருவி, குறைவானவர்கள் பேசுவதைப் பிழை என்று சொல்வதில்லை. இன்னொன்றை முன்னால் நீட்டுகிறது, அவ்வளவுதான். அவசரத்தில் விரல் அதைத் தொட்டுவிடுகிறது. கம்பாசிட்டர் திருத்தினால் திருத்தியது புரூப்பில் தெரியும், அவருக்கு முகம் உண்டு, டீக்கடையில் வைத்துச் சண்டை பிடிக்கலாம். இங்கே திருத்தம் நடந்ததே தெரிவதில்லை. எழுதியவளே திருத்தியவளாகவும் ஆகிவிடுகிறாள். அதிகாரம் ஒடுக்குவதில்லை, உற்பத்தி செய்கிறது என்று ஃபூக்கோவை வைத்து நாம் செய்த விவாதங்களுக்கு இதைவிடச் சின்ன, இதைவிடத் துல்லியமான உதாரணம் கிடைக்காது.

சென்ற ஆண்டு இந்த மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் சில கல்லூரி மாணவிகள் கொண்டுவந்த ஒரு பிடிஎஃப் இதழை வாசித்தேன். கவிதைகள் சுமார். இரண்டு கதைகள் நன்றாக இருந்தன. ஒன்றில் மரச்சீனி அவிக்கும் ஒரு காலைநேரம் தொடக்கம் முதல் முடிவுவரை அந்த ஊர்ப் பேச்சிலேயே நிற்கிறது. எப்படி இவ்வளவு சுத்தமாக வந்தது என்று கேட்டேன். பரிந்துரையை அணைத்துவிட்டால் தட்டெழுதவே நேரமாகிறது என்று, எழுதத் தொடங்குவதற்கு முன்னால் அவரவர் வீட்டில் கேட்டுச் சொற்களை எழுதிக்கொண்டுவந்து, எல்லோர் கைபேசியின் சொந்த அகராதியிலும் ஒவ்வொன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். ஓர்மை, விளி, கொள்ளாம், கடவம், சாயா, கொல்லாமாவு என்று போகிறது பட்டியல். வாட்ஸ்அப் குழுவில் அதற்குக் கீழே ஒரே சண்டை: இந்தச் சொல் எங்க ஊரில் இப்படி இல்லை, எங்க பாட்டி வேற மாதிரி சொல்லுவா, இதை யார் சேர்த்தது என்று. இதழில் அந்தப் பட்டியலைப் போடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, 'அது வேலைக்குள்ளது சார், படைப்பு இல்லையே' என்றார்கள். அடுத்த இதழில் சண்டையோடு சேர்த்து அதைப் போடச் சொல்லியிருக்கிறேன்.